தேய்ந்து போன ராலிக் காருக்கு மறுவாழ்வு – ஒரு பட்டறைப் பாடம்

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் பிரிவு மாணவன் எழுதியது)



யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பழைய காருக்கு இந்தப் பழமொழி பொருந்தாது. ஓடுகிற வரைக்கும்தான் அதற்கு மரியாதை. நின்றுவிட்டால் கிலோ கணக்கில் எடை போட்டுக் காயலான் கடைக்காரர் கொண்டுபோய்விடுவார். அப்படி எடை போட நாள் குறிக்கப்பட்ட ஒரு காரை நாங்கள் நான்கு பேர் இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்துச் செய்தோம். அதில் கற்ற பாடங்களையும், நான் செய்த ஒரு பெரிய தவறையும் இந்த ஆண்டு மலரில் எழுதும்படி நம் மன்றச் செயலாளர் கேட்டுக்கொண்டார். ஜூனியர் தம்பிகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

1. கார் கிடைத்த கதை

ஸ்ரீரங்கம் வடக்கு அடையவளஞ்சான் வீதியில் ஒரு பழைய வீடு. அந்த வீட்டுப் பெரியவரைத் தெருவில் எல்லோரும் ‘நேவிகேட்டர் மாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எண்பது வயதைத் தாண்டியவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், 1966-ஆம் வருட மாடல், இரண்டு கதவு வண்டி. எழுபதுகளில் மாமாவும் அவருடைய நண்பரும் அதில் சில ராலிகள் ஓட்டியிருக்கிறார்கள். நண்பர் ஸ்டியரிங் பிடிப்பார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து வழியும் நேரமும் சொல்வார். நண்பர் காலமான பிறகு மாமா அந்தக் காரைத் தொடவே இல்லை. கொள்ளிடத்து ஈரக்காற்றும் கரையானும் எலியும் அதைப் பார்த்துக்கொண்டன.

வெளியூரில் இருக்கும் மாமாவின் மகன், “போகிக்கு முன்னாடி கொட்டகையைக் காலி பண்ணிடணும்ப்பா” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கொட்டகைச் சுவர் சாய ஆரம்பித்திருந்தது. எங்கள் குழுவில் ஒருவன் பக்கத்துத் தெரு. விஷயம் அவன் மூலம் எங்களுக்கு வந்தது. ஆடி மாதம் போய்ப் பார்த்தோம். பொங்கலுக்குள் ஓட வைத்தால் கார் பிழைக்கும். இல்லையென்றால் போகி அன்று போய்விடும். இதுதான் ஒப்பந்தம்.

டாடா ஏஸ் வண்டியில் ஏறாது என்று தெரிந்து, ஒரு பெரிய லாரியில் ஏற்றிக் காவிரிப் பாலம் தாண்டி நம் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். இறக்கும்போது தரைத் தகட்டில் ஒரு பகுதி லாரியிலேயே தங்கிவிட்டது. சங்கிலியால் பெருக்கி எடுக்க வேண்டிய நிலை!

2. இந்தக் காரைப் பற்றிச் சில செய்திகள்

ஹெரால்டு நம் ஊர்க் கார் என்று சொல்லலாம். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனத்தின் வடிவத்தை, சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரித்தார்கள். தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கலாட்டி. முன்பக்க மட்கார்டுகளோடு சேர்த்து பானட் முழுவதும் முன்னால் கவிழ்ந்து திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். ஏறக்குறைய 25 அடி வட்டத்திற்குள் வண்டியைத் திருப்பிவிடலாம். சென்னைக்கு வடக்கே சோழவரம் விமானத் தளத்தில் அந்தக் காலத்தில் நடந்த பந்தயங்களிலும் ஹெரால்டு கார்கள் ஓடியதுண்டு. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் நம் மாநிலத்து மோட்டார் பந்தயத்துக்குத் தாய்வீடு.

எஞ்சின் 948 சி.சி. சின்ன எஞ்சின்தானே என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். இதே 948 சி.சி. எஞ்சின் பொருத்திய ஸ்டாண்டர்டு டென் கார் 1955-இல் பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியில் முதலிடம் பெற்றது.

ராலி என்றால் ரேஸ் இல்லை. ரேஸில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி முதலில் வருபவர் ஜெயிப்பார். ராலியில் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். குறித்த தூரத்தைக் குறித்த நேரத்தில் கடக்க வேண்டும். நம் நாட்டில் பல ராலிகளில் சீக்கிரம் வந்தாலும் தண்டம், தாமதமாக வந்தாலும் தண்டம். அதைவிட முக்கியம், கார் முழுசாக ஊர் போய்ச் சேர வேண்டும். 1968-இல் நடந்த லண்டன்–சிட்னி மாரத்தானில் 98 கார்கள் கிளம்பின. டெல்லி வழியாகப் பம்பாய் வந்து, அங்கிருந்து கப்பலில் ஆஸ்திரேலியா போய், சிட்னியை எட்டியவை 56 மட்டுமே. ஜெயித்தது பெரிய ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, ஹில்மன் ஹண்டர் என்ற சாதாரணக் குடும்பக் கார்.

ஆகவே ஒரு ராலிக் காரின் தேய்மானம் மற்ற பழைய காரின் தேய்மானம் போல இருக்காது. வீட்டுக் கார் மேலாகத் தேயும். ராலிக் கார் உள்ளே தேயும். சேசிஸ் முறுக்கும். சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களில் விரிசல் விடும். வெளியே பெயிண்ட் அடித்தால் ஒன்றும் தெரியாது. ஆபத்து அங்கேதான்.

3. முதல் பாடம்: கழற்றுவதற்கு முன் எழுது

முதல் நாளே ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வொர்க்‌ஷாப் சார் தடுத்துவிட்டார். “ஒரு வாரம் யாரும் ஒரு நட்டைத் தொடக்கூடாது. பார்த்து எழுதுங்க.” அந்த ஒரு வாரம் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் அருமை புரிந்தது.

ஒவ்வொரு பாகத்தையும் இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்தோம். வயர்களுக்குத் துணி டேப்பில் எண் ஒட்டினோம். நட்டு போல்ட்டுகளைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு லேபிள் எழுதினோம். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே இருந்த வாஷர்களைக்கூட எண்ணி வைத்தோம். ஹெரால்டில் பாடி முன் தொட்டி, பின் தொட்டி என்று தனித்தனியாகப் போல்ட்டில் உட்காரும். அந்த வாஷர்களின் கனம் மாறினால் கதவு மூடாது.

பாடியைத் தூக்குமுன் கதவு வாசலில் குறுக்காக ஆங்கிள் இரும்பு வைத்துக் கட்டினோம். இல்லையென்றால் துருப்பிடித்த பாடி தூக்கும்போதே மடிந்துவிடும்.

4. இரண்டாம் பாடம்: தூக்குக்குண்டும் சாக்பீஸும்

சேசிஸ் கோணலா என்று கண்டுபிடிக்க லேசர் கருவி எதுவும் தேவையில்லை. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு போதும். சேசிஸை நான்கு ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்தி, முக்கியமான துளைகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைக்க வேண்டும். பிறகு சேசிஸை நகர்த்திவிட்டு, தரையில் உள்ள புள்ளிகளைக் குறுக்குவாட்டில் அளக்க வேண்டும். இடது முன் புள்ளியிலிருந்து வலது பின் புள்ளிக்கும், வலது முன் புள்ளியிலிருந்து இடது பின் புள்ளிக்கும் ஒரே தூரம் வர வேண்டும். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று பள்ளியில் படித்ததுதான். எங்கள் காரில் 11 மி.மீ. வித்தியாசம் வந்தது. மாமாவிடம் கேட்டோம். “ஒரு மலைப்பாதையில பாறையில தட்டினோம். அப்புறமும் முன்னூறு மைல் ஓட்டினோம்!” என்றார் பெருமையாக.

ஹெரால்டு சேசிஸில் நடுவில் இரண்டு நீளமான பெட்டித் தண்டுகளும், அவற்றிலிருந்து பக்கவாட்டில் கைகள் போல நீளும் அவுட்ரிகர்களும் உண்டு. பாலக்கரை டிங்கர் பாய் ஒரு சுத்தியலை எடுத்து வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தார். நடுத்தண்டில் ‘டங்’ என்று சத்தம். அவுட்ரிகரில் ‘பொத்’ என்று சத்தம். ஸ்குரூ டிரைவரால் குத்தினார். உள்ளே போய்விட்டது. “தம்பி, இது தகடு இல்ல. அப்பளம்” என்றார்.

இங்கே ஒரு கேள்வி வந்தது. சென்னை புதுப்பேட்டையில் தேடி வேறு சேசிஸ் வாங்கிப் போட்டுவிடலாமா? வேலை பாதியாகக் குறையும். ஆனால் 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த பழங்கால வாகன விதியை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் நிலையில் வைத்திருந்தால் ‘பழங்கால வாகனம்’ என்று பதிவு செய்யலாம். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவற்றுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட எண் வரிசை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாயும், மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம் என்று விதியில் உள்ளது. தினசரி உபயோகத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பழங்கால கார் ராலி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டும் ஓட்டலாம். ஆக, எண் பொறித்த அந்தச் சேசிஸ் இரும்புத்துண்டு மட்டுமில்லை, காரின் பிறப்புச் சான்றிதழும் அதுதான்!

எனவே நடுத்தண்டை அப்படியே வைத்துக்கொண்டு, மட்கிய அவுட்ரிகர்களை மட்டும் வெட்டி எடுத்து, அதே அளவில் 2 மி.மீ. தகட்டில் புதிதாகச் செய்து வெல்டு வைத்தோம். ஒரே மூச்சில் நீளமாக வெல்டு வைத்தால் சூட்டில் சேசிஸ் மறுபடி முறுக்கிக்கொள்ளும். இடதுபுறம் ஓர் அங்குலம், ஆறவிட்டு வலதுபுறம் ஓர் அங்குலம் என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பாய் சங்கிலியும் ஹைட்ராலிக் ஜாக்கியும் போட்டு இழுத்ததில் 11 மி.மீ. வித்தியாசம் 2 மி.மீ. ஆகக் குறைந்தது. பெல் தொழிற்சாலையும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிற திருச்சியில் பிறந்துவிட்டு மோசமாக வெல்டு வைத்தால் ஊருக்கே அவமானம் என்று பாய் எங்களை மிரட்டிக்கொண்டே இருந்தார்.

எச்சரிக்கை: வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டாங்கைக் கழற்றித் தூரமாகக் கொண்டுபோய் வைக்கவும். காலி டாங்குதானே என்று விட்டுவிட வேண்டாம். காலி டாங்கில் இருப்பது பெட்ரோல் ஆவி. நிரம்பிய டாங்கைவிட அதுதான் சீக்கிரம் வெடிக்கும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்துத் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்கவும்.

5. மூன்றாம் பாடம்: எஞ்சின் கணக்கு

எஞ்சின் இறுகிக் கிடந்தது. பிளக் துளை வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றிப் பத்து நாள் ஊறவிட்டோம். கம்பியால் நெம்பவில்லை. பதினோராம் நாள் பிளைவீலைக் கையால் அசைத்தோம், சுற்றியது. அன்றைக்கு எல்லோருக்கும் சாயங்காலம் பஜ்ஜி!

இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 63 மி.மீ., ஸ்டிரோக் 76 மி.மீ. கொள்ளளவு எப்படி வருகிறது பாருங்கள்:

0.7854 × 6.3 × 6.3 × 7.6 × 4 = ஏறத்தாழ 948 சி.சி.

போர் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளந்தோம். அதிகத் தேய்மானம் மூன்றாம் சிலிண்டரின் மேற்பகுதியில்: 63.38 மி.மீ. அடுத்த அளவு பிஸ்டன் 20 தவ், அதாவது 0.508 மி.மீ. பெரியது. 63.508-இலிருந்து 63.38-ஐக் கழித்தால் 0.128 மி.மீ. மிச்சம். ஒரு பக்கத்துக்கு 0.064 மி.மீ. மட்டுமே. அவ்வளவில் சுவர் சுத்தமாகிவிடும் என்று லேத் பட்டறை அண்ணன் சொன்னார், அப்படியே ஆயிற்று. போர் போட்ட பிறகு எஞ்சின் 963 சி.சி. மேலே உள்ள கணக்கில் 6.3508 என்று போட்டு நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்த எஞ்சின் குடும்பத்துக்கு ஒரு நோய் உண்டு. கிராங்க் ஷாப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்க, பின் மெயின் பேரிங்கில் அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள் இருக்கும். அவை தேய்ந்து கழன்று விழுந்துவிட்டால் கிராங்க் பிளாக்கையே தின்றுவிடும். சோதிப்பது சுலபம். ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன் புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரிந்து நகர்ந்தால் உடனே பிரிக்கவும். எங்களுடையது நன்றாகவே நகர்ந்தது. புது வாஷர் போட்டோம்.

இன்றைய பெட்ரோலையும் கவனிக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுப் பெட்ரோலில் ஈயம் கிடையாது. ஈயத்தை நம்பிச் செய்த பழைய எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகள் சீக்கிரம் தேயும். ஆகவே கடினமான சீட் போட்டோம். இப்போது எத்தனாலும் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் ஹோஸ்களை ஊறவைத்துக் கெடுக்கும். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாபிரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றினோம்.

6. நான்காம் பாடம்: நான் செய்த தவறு

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்.

ஹெரால்டின் முன்சக்கரம் ஒரு நெட்டுக்குத்தான எஃகுத் தண்டில் நிற்கிறது. அதற்கு வெர்டிகல் லிங்க் என்று பெயர். அதன் கீழ்நுனியில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, ட்ரன்னியன் என்ற வெண்கலக் கூட்டுக்குள் திருகி உட்காரும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்த மரைக்குள்ளேயே திரும்பும். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசை, மாற்றிப் போட முடியாது. காரின் முன்பாரம் முழுவதும், சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் அந்த மரைக்குத்தான் வருகிறது.

நவம்பர் மாதம் எஞ்சின் ஓடத் தொடங்கிய உற்சாகத்தில், முன்பக்கத்தைத் துடைத்து, கிரீஸ் கன்னை எடுத்து ட்ரன்னியனில் நன்றாக அடித்துவிட்டு, காரைப் பட்டறையைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓட்டிவிட்டேன். நண்பர்கள் கைதட்டினார்கள். அன்று மாலை மாமா பார்க்க வந்தார். வழிந்திருந்த கிரீஸைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“கிரீஸ் அடிச்சிட்டேளா? அங்க கிரீஸ் அடிக்கப்படாதுடா! ஆயில்! 90 நம்பர் ஆயில்!”

நான் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். மாமா சொன்னதுதான் சரி. கிரீஸ் அடித்தால் காலப்போக்கில் காய்ந்து கட்டியாகும். மரையின் அடிவரைக்கும் போகாது. அதன் பின்னால் ஈரம் தங்கும், எஃகு துருப்பிடிக்கும், துருக்குழியிலிருந்து விரிசல் கிளம்பும். ஒரு நாள் மரை முடிகிற இடத்தில் தண்டு படீரென்று ஒடியும், சக்கரம் அப்படியே மடிந்துவிடும். ஹெரால்டு ஓட்டிய பழைய மெக்கானிக்குகள் எல்லோருக்கும் இது தெரியும். எனக்குத் தெரியவில்லை. தெரியாததைவிடப் பெரிய தவறு, கையேடு மேஜை மேல் இருந்தும் திறந்து பார்க்காதது.

மறுநாள் இரண்டு லிங்கையும் கழற்றி மண்ணெண்ணெய்ச் சோதனை செய்தோம். இது நம் லேபில் யாரும் செய்யக்கூடியது. பாகத்தைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எடுத்து நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து பொடியில் கோடு போடும். இடது லிங்க் வெள்ளையாகவே இருந்தது. வலது லிங்கில், மரை முடிகிற இடத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு மெல்ல மெல்ல எழும்பியது. சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு.

அந்தத் தண்டின் மேல்தான் நான் இரண்டு ரவுண்டு ஓட்டியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது.

பிரச்சினை அதோடு முடியவில்லை. வலது லிங்கை மாற்ற வேண்டும் என்றதும் மாமா சம்மதிக்கவில்லை.

“அது அவன் கையால போட்டதுடா. கடைசி ராலிக்கு முன்னாடி ராத்திரி பூரா உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்துல மாட்டினான். கார்ல அவன் கை பட்ட சாமான் வேற என்ன இருக்கு? வெல்டு வெச்சுக் கொடுங்கோ, போறும்.”

வெல்டு வைக்கக்கூடாது என்று சார் உறுதியாகச் சொன்னார். கடினப்படுத்திய எஃகுத் தண்டில் வெல்டு வைத்தால் அதற்குப் பக்கத்திலேயே புது விரிசல் வரும். மாமா கோபமாகப் போய்விட்டார். ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. கார் அவருடையது. அவர் சொல்வதைச் செய்து கொடுத்தால் புராஜெக்ட் முடிந்தது, மார்க்கும் வந்துவிடும் என்று எங்களில் ஒருவன் சொன்னான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஒரு நிமிடம் அப்படித் தோன்றியது.

அந்த வாரத்தில்தான் சார் தேரைப் பற்றிச் சொன்னார். திருவாரூர் ஆழித் தேருக்கு நம் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து பொருத்தினார்கள். அதனால் அது ஆழித் தேர் இல்லை என்று யாராவது சொன்னார்களா? ஆயிரக்கணக்கான ஜனங்கள் வடம் பிடிக்கிற தேரில் சக்கரம் நம்பிக்கையாக இருக்க வேண்டும். மேலே உள்ள மரச் சிற்பத்தைத்தான் பழசாகப் பாதுகாக்க வேண்டும்.

எட்டாம் நாள் நானே ஸ்ரீரங்கம் போய், “மாமா, ஒரே ஒரு தடவை வந்து பாருங்க. அப்புறம் நீங்க சொல்றபடி” என்று அழைத்து வந்தேன். அவர் கண்ணெதிரே மறுபடி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, பொடி தூவினோம். யாரும் பேசவில்லை. கோடு எழும்பியது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

“இது மேலயா நாங்க மலை எறங்கினோம்...” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அவன் இருந்தா அவனே மாத்தியிருப்பான். மாத்திடுங்கோ. பழசை மட்டும் என்கிட்ட கொடுத்துடுங்கோ” என்றார்.

டிரையம்ப் கார்களுக்கான இந்தப் பாகங்களை இங்கிலாந்தில் இன்றும் செய்து விற்கிறார்கள். அங்கே வேலை பார்க்கும் மாமாவின் உறவினர் மூலம் இரண்டு பக்கத்துக்கும் புது லிங்கும் ட்ரன்னியனும் டிசம்பர் கடைசியில் வந்து சேர்ந்தன. ஒன்று நன்றாக இருந்தாலும் ஜோடியாகத்தான் மாற்றினோம். இந்த முறை ஆயில் ஊற்றினேன். வழிந்ததைத் துடைத்துவிட்டு, மறுபடி ஊற்றினேன்.

7. ஐந்தாம் பாடம்: எதைத் தொடக்கூடாது

எதை மாற்ற வேண்டும் என்பதைவிட எதை மாற்றக்கூடாது என்பது கடினமான கேள்வி. நாங்கள் ஒரு விதி வகுத்துக்கொண்டோம். உயிரைத் தாங்கும் பாகம், நினைவைத் தாங்கும் பாகம் என்று இரண்டு பட்டியல்.

முதல் பட்டியலில் ஸ்டியரிங், சஸ்பென்ஷன், பிரேக், பெட்ரோல் லைன், வயரிங், டயர், சீட் பிடிக்கும் இடம். இவற்றில் சந்தேகம் வந்தால் மாற்ற வேண்டும். பாசத்துக்கு இடமில்லை. நான்கு டிரம் பிரேக்குகளிலும் சிலிண்டர், ஹோஸ், லைனிங் எல்லாம் புதிது போட்டோம்.

இரண்டாம் பட்டியலில் டேஷ்போர்டு, கதவில் கையால் எழுதிய போட்டி எண், கூடுதல் விளக்கு மாட்டிய கிளாம்புகள், இடது மட்கார்டில் இருந்த ஒரு நசுங்கல். பெயிண்டர் அண்ணன், “பட்டி பார்த்து இழைச்சா கண்ணாடி மாதிரி ஆயிடும் தம்பி” என்று ஆசையாகக் கேட்டார். வேண்டாம் என்றோம். துருவை நிறுத்திவிட்டு, பழைய பெயிண்டை மெழுகு போட்டு அப்படியே விட்டோம். அவருக்கு இன்றுவரை எங்கள் மேல் வருத்தம்.

கிளவ் பாக்ஸ் மூடியின் உள்பக்கத்தைத் துடைக்கப் போனபோது பென்சில் கணக்குகள் தெரிந்தன. மாமா ஓடுகிற காரில் போட்டவை. “27 கி.மீ., வேகம் 36” என்று எழுதி, பக்கத்தில் “45” என்று வட்டம் போட்டிருந்தது. தூரத்தை வேகத்தால் வகுத்து 60-ஆல் பெருக்கினால் நிமிடம்: 27 ÷ 36 × 60 = 45. கீழே இன்னொரு கணக்கு, டிரிப் மீட்டரின் பிழைக்கு. டயர் தேய்ந்தால் சுற்றளவு குறையும், அதே தூரத்துக்குச் சக்கரம் அதிகமாகச் சுற்றும், மீட்டர் அதிகம் காட்டும். 10 கி.மீ. தூரத்துக்கு மீட்டர் 10.3 காட்டினால், மீட்டர் காட்டுவதை எல்லாம் 0.971-ஆல் பெருக்க வேண்டும். கால்குலேட்டர் இல்லாத கைகள் இருட்டில், குலுங்கும் காரில் போட்ட கணக்கு! துணியை நனைக்காமல் கீழே வைத்துவிட்டேன்.

8. ஓடிய நாள்

போகிக்கு மூன்று நாள் முன்னால் நம் பாலிடெக்னிக் மைதானத்தில் ஓட்டினோம். பதிவு வேலை முடியாமல் சாலையில் எடுக்கக்கூடாது என்பதால் மைதானம்தான். மாமாவின் மகன் லீவு போட்டு வந்திருந்தார். மாமா வேஷ்டியை மடித்துக்கொண்டு இடது சீட்டில் ஏறினார். ஸ்டியரிங் என் கையில். பாக்கெட்டிலிருந்து ஒரு பென்சிலும் ஸ்டாப் வாட்சும் எடுத்தார்.

“ஒரு ரவுண்டு எவ்வளவு?”

“400 மீட்டர் மாமா.”

“24-ல போ. ரவுண்டுக்கு ஒரு நிமிஷம். பத்து ரவுண்டு.”

வளைவு வரும்போதெல்லாம் முன்கூட்டியே மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். ஹெரால்டின் பின் ஆக்ஸில் ஊசலாடும் வகை. வேகமாக வளைவில் போய் ஆக்ஸிலேட்டரைத் திடீரென விட்டால் பின்சக்கரம் உள்ளே மடியப் பார்க்கும். அதனால், “விட்டுடாதே, மெதுவா அழுத்திண்டே போ” என்றார். ஐந்தாவது ரவுண்டில், என் பெயரை விட்டுவிட்டு நண்பரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் திருத்தவில்லை.

பத்தாவது ரவுண்டு முடிந்து நிறுத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். மாமா வாட்சைப் பார்த்தார்.

“நாலு செகண்டு லேட்டு” என்றார்.

மகன் அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டுக் கொட்டகைச் சுவரைக் கட்டச் சொல்லிவிட்டார். பழங்கால வாகனப் பதிவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். விரிசல் விட்ட லிங்க் மாமாவின் மேஜையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறது.

9. முடிவுரை

தம்பிமார்களே, இந்தக் கட்டுரையிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை:

(அ) கழற்றுமுன் எழுதுங்கள், போட்டோ எடுங்கள், அளவெடுங்கள்.
(ஆ) கையேட்டைத் திறந்து பார்த்த பிறகே கிரீஸ் கன்னைத் தொடுங்கள்.
(இ) உயிரைத் தாங்கும் பாகத்தில் சந்தேகம் வந்தால் சோதியுங்கள். சோதனையில் தேறாததை, யார் சொன்னாலும், மார்க்கே போனாலும், திரும்ப மாட்டாதீர்கள்.
(ஈ) மறுக்கும்போது வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல் கண்ணெதிரே சோதனை செய்து காட்டுங்கள். வண்டிக்காரரின் மனசும் ஒரு பாகம்தான். அதையும் உடைக்காமல் கழற்றிப் பூட்ட வேண்டும்.
(உ) நினைவைத் தாங்கும் பாகத்தை அளவுக்கு மீறிப் பளபளப்பாக்காதீர்கள்.

 அடுத்த ஆண்டு இந்தப் பட்டறைக்கு வரும் தம்பிகள் ட்ரன்னியனுக்கு ஆயில் ஊற்ற மறக்க வேண்டாம். சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.